மார்புக்கட்டு இல்லாமல் தெருவுக்கு வந்த இரவு

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிந்து பனி இறங்க ஆரம்பித்திருந்த நேரம். எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்னத் தெருவில், மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகத் தண்ணீர்க் கேன் போடுவது என் தொழில். எட்டாவது வரை படித்தவன். யாரிடமும் அதிகம் பேச வராது. கேனை வைத்துவிட்டுக் காலிக் கேனை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். இதை எழுதுவதற்கே ரொம்ப நாள் யோசித்தேன்.

நான் ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் என்று சொல்லி வளர்த்தார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு நான் ஆண்தான். ஊர் மாறி, பேர் மாறி, மருந்தெடுத்து மீசையும் வந்து, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் நான் தண்ணிக்காரர், அவ்வளவுதான். மார்பு மட்டும் என்னோடு ஒத்துப்போகவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ள இன்னும் வாய்க்கவில்லை. அதனால், முட்டி வலிக்கு மருந்துக்கடையில் விற்பார்களே, அந்த கிரேப் பேண்டேஜை வாங்கி மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வேன். தூங்கும்போதும் அவிழ்க்க மாட்டேன். அவிழ்த்தால் வேறு யாரோ என்மேல் ஏறிப் படுத்திருப்பதுபோல இருக்கும். புரண்டு படுத்தால் அழுகை வரும். அதற்கு வலியே மேல் என்று வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு நாள் கேனோடு படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். விலாவில் குத்துவலி. மூச்சு முழுசாக உள்ளே போகவில்லை. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, என் உடம்பில் பதிந்திருந்த தடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்த பேண்டேஜ் போகப்போக இறுகும், விலா எலும்பையே கெடுத்துவிடும், இதை அடியோடு விட வேண்டும் என்றார். இதற்கென்றே பைண்டர் என்று ஓர் உள்சட்டை இருக்கிறது, சரியான அளவில் வாங்கிப் பகலில் மட்டும் போடலாம், அதுவும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி எதுவுமே கூடாது. தொளதொள சட்டை போட்டு, ஒருக்களித்து, ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு படுத்துப் பாருங்கள் என்றார்.

பைண்டருக்கு ஒரு நண்பர் மூலமாகச் சொல்லி வைத்தேன். அது வரும்வரை பகலில் பேண்டேஜைத் தளர்த்திக் கட்டினேன். ராத்திரி அவிழ்த்தேன். முதல் சில நாள் தூக்கமே இல்லை. விளக்கை அணைத்த பிறகுதான் சட்டை மாற்றுவேன். தலையணையை அணைத்துக்கொண்டால், மார்பில் தட்டுப்படுவது தலையணைதான் என்று மனசை ஏமாற்ற முடிந்தது. மெதுவாகக் கண் அசர ஆரம்பித்தது. அப்படி அசந்து தூங்கிய ஒரு ராத்திரியில்தான் அது நடந்தது.

கூச்சல் கேட்டு விழித்தேன். கண் எரிந்தது. சுற்றிலும் ஃபாக்டரிகள் இருக்கும் எங்கள் பக்கத்தில் நாற்றம் புதிதில்லை, காற்று திரும்பினால் வரும், போகும். இது தொண்டையைப் பிடித்தது. கீழே யாரோ, “கேஸ் லீக்காயிச்சு, அல்லாரும் வெளிய வாங்க” என்று கத்திக்கொண்டே ஓடினார்கள்.

கதவுவரை போய்விட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான் குனிந்து என்னைப் பார்த்தேன். தொளதொள சட்டையிலும் தெரிந்தது. வெளியே தெரு முழுக்க ஆள். திரும்பி வந்து பேண்டேஜைத் தேடியெடுத்துச் சட்டைக்கு மேலேயே சுற்ற ஆரம்பித்தேன். இருட்டில் முனை அகப்படவில்லை. ஒரு சுற்று நழுவியது, மறுபடி முதலிலிருந்து. இருமல் வேறு வந்தது. வெளியே சத்தம் குறைந்துகொண்டே போனது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று புரிந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. உயிரைவிட அது பெரிதா என்று இப்போது கேட்கலாம். அப்போது பெரிதாகத்தான் இருந்தது.

கதவு அதிர்ந்தது. கீழ்வீட்டு அக்காவின் குரல். காலையில் தெருமுனையில் ஆப்பக்கடை போடுகிறவர். அவர் ஏதாவது கேட்பார், நான் சிரிப்பேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

“தம்பி, உள்ள இன்னா பண்ணிகினு கீற? தொறக்கிறியா, ஒதைக்கவா?”

திறந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அக்கா முகத்தில் ஈரத்துண்டைக் கட்டியிருந்தார். கையில் எனக்கும் ஒன்று. பேண்டேஜ் பாதி என்மேல், பாதி தரையில்.

“அய்ய, இத்த சுத்திகினா இருந்த? கயட்டிப் போடு. மூச்சு வேணாமா உனுக்கு?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படுக்கையிலிருந்த போர்வையை உருவி என் தோளைச் சுற்றிப் போட்டார். ஈரத்துண்டை என் மூக்கில் அழுத்திக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். கீழே அவர் கணவர் எங்களுக்காகவே நின்றிருந்தார்.

மெயின் ரோட்டைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கும் நிலையில் இல்லை. நைட்டியோடு சிலர், அரை டிராயரோடு சிலர். ஒரு பெரியவர் பல்செட்டை விட்டுவிட்டு வந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்கா என்னைச் சுவரோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்தார். மறுபக்கம் அவர் கணவர். கொஞ்ச நேரத்தில் அவர் போர்வை நுனியைப் பிடித்து இழுத்தார். “குளுருது நைனா, கொஞ்சம் இப்டி வுடேன்.” எனக்கு உயிரே போய்விட்டது.

“யோவ், அத்த வுடு. அது நோவாளி போர்வ” என்று அக்கா அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எனக்கு என்ன நோய் என்று விளங்கவில்லை. அப்போது பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் திரும்பி, “தண்ணிக்காரரே, உங்க முதுகு வலி இப்போ எப்டி கீது? நான் சொன்ன தைலத்த அக்கா குடுத்துச்சா?” என்றார். எனக்கு முதுகு வலியே கிடையாது. அக்காவைப் பார்த்தேன். அவர் மும்முரமாக மண்டபத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்லத்தான் புரிந்தது. பேண்டேஜைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் லுங்கிக்கு அடியில் மறைத்துக் காயவைப்பேன். எங்கள் பக்கத்துக் காற்றில் எது மறைந்திருக்கும்? பார்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேன் தூக்கித் தூக்கி முதுகு போச்சு என்று அக்கா சொல்லிச் சொல்லியே தெரு முழுக்க என்னை முதுகு வலிக்காரன் ஆக்கி வைத்திருந்தார். ஒரு நாளும் அதை என்னிடம் காட்டிக்கொண்டதில்லை.

“எப்பலேர்ந்து தெரியும்க்கா?” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

“நீ குடி வந்த கொஞ்ச நாள்லயே. நீயா சொல்ற வரிக்கும் நான் இன்னாத்துக்கு கேக்கணும்?”

டாக்டரம்மா சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். இப்படி ஆகுமென்றால் இனி ராத்திரியும் கட்டிக்கொண்டேதான் படுப்பேன் என்றும் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“டாக்டரம்மா வேணான்னுச்சுல்ல, அப்போ வேணாம். கதவாண்ட ஒரு ஜெர்க்கின மாட்டி வையி. எதுனா ஒண்ணுன்னா மொதல்ல உன் கதவத்தான் தட்டுவேன். அத்த மாட்டிகினு வா. அது வரிக்கும் கம்முனு தூங்கு.”

விடிந்து நெடி அடங்கியதும் வீடு திரும்பினோம். எங்கிருந்து வந்தது என்று யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அக்காவின் கணவர் மேலே வந்தார். துறைமுகத்துக்குப் போட்டுப்போகும் தன் பழைய மழைக்கோட்டைக் கதவோரம் ஆணியில் மாட்டினார். “மய வந்தா போட்டுக்க நைனா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மழைக்காலம் முடிந்திருந்தது. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பைண்டர் வந்துவிட்டது. காலையில் போட்டு, வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். விலா வலி இப்போது இல்லை. ராத்திரி சில நாள் பழைய பாரம் வந்து உட்காரத்தான் செய்கிறது. அப்போது தலையணையை அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறேன். கீழ்வீட்டில் அக்கா மறுநாள் ஆப்பத்துக்கு மாவு அரைக்கும் சத்தம் கேட்கும். என்னைப் பற்றித் தெரிந்த ஒருவர் அங்கே விழித்திருக்கிறார் என்ற நினைப்பில்தான், இத்தனை வயதுக்கு அப்புறம் முழு மூச்சு விட்டுத் தூங்கக் கற்றுக்கொண்டேன்.