புவனாவுக்கு ஒரு பதில்

புவனா இறந்துவிட்டாள். ஞாயிறு காலை, வீட்டில். தூக்கத்திலிருந்து எழவில்லை என்றார்கள்.

அறிவித்தல் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. ஒரு விளக்கு, ஓரத்தில் பூக்கள், நடுவில் அவள் முகம். கூடவே ஒரு வரி எழுத்து இல்லை... இதே படம் அவள் போனுக்குப் போயிருந்தால், அது "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றிருக்கும்.

ஆகவே எழுத்தில் போடுகிறேன். புவனேஸ்வரி, வயது முப்பத்தாறு. திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அடக்கம் நேற்று முடிந்தது.

தெரியாதவர்களுக்கு... ஹட்டனில் எங்கள் சின்ன அலுவலகத்தில் ஐந்து வருடம் எனக்குப் பக்கத்து மேசை. தோட்டத்து ஆட்களின் முறைப்பாடுகளைக் கடிதமாக எழுதி அனுப்புவது எங்கள் வேலை.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசிக்கும். அவள் கேட்பாள்.

அந்தக் குரலின் வேகம்... முதல் நாள் எனக்கு அது பேச்சு என்றே தெரியவில்லை. டீ கொண்டுவந்த மாரி அண்ணன் சொன்னார்: "எனக்கு மூணு வருசமா கேட்டும் புரியலம்மா. தகரத்துல ஆலங்கட்டி விழுற மாதிரி."

"உங்க ரேடியோவுக்கு இது தேவலண்ணே" என்றாள், திரும்பாமலே.

காலையில் இன்பாக்ஸ் பார்ப்பதை அவள் 'பெரட்டு' என்பாள். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்களே, அது.

கீழ் அம்புக்குறியில் ஒரு விரல். அனுப்பியவர் பெயர், தலைப்பில் இரண்டு சொல். டிலீட். அடுத்தது. டிலீட். அடுத்தது... இது நிற்கட்டும். என் டீ ஆறுவதற்குள் அறுபது மெயில்.

"ஒண்ணையுமே தொறக்க மாட்டியா?"

"எல்லாத்தையும் தொறந்தா பொழுது போயிரும் மேடம். பேரு கூப்பிடும்போதே தெரிஞ்சிரும், எவன் வேலைக்கு வந்தவன், எவன் சும்மா நிக்கிறவன்னு."

நான் கேம்பஸ் முடித்து வந்தவள். அதனால் மேடம்.

நான் அவளுக்கு அனுப்பிய முதல் மெயில் மூன்று பந்தி. அவள் குரலின் வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். 'தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்' என்று ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருக்கேன். நல்லாருக்கியான்னு திரும்பிக் கேட்டா வாய் வலிச்சிருமா?"

அன்றைக்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. சின்ன விஷயம் என்றால் முழுவதையும் தலைப்பிலேயே எழுதி, கடைசியில் 'அவ்வளவுதான்' என்று போடுவோம். அந்தச் சொல் இருந்தால் திறக்க வேண்டாம். இல்லாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

'கூட்டம் மூணு மணிக்கு. அவ்வளவுதான்.'

'மாரி அண்ணன் இன்னைக்கும் சீனி போடல. அவ்வளவுதான்.'

அதற்கு ஒருமுறை மூன்று இமோஜி அனுப்பினேன். 'ஆனந்தக் கண்ணீருடன் கூடிய முகம்' என்று மூன்று தடவை வாசித்தது குரல். "அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா? மொதல்ல முடிவு பண்ணிட்டு அனுப்புங்க மேடம்."

போன வாரம் அவள் லீவு. நெஞ்சு படபடப்பு என்றாள். பெரிதாக ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு மெயில். 'கிளினிக் கடிதம்' என்று தலைப்பு. கடைசியில் 'அவ்வளவுதான்' இல்லை.

அதைப் போனில்தான் பார்த்தேன். லீவுக்குக் காட்டும் கடிதமாக இருக்கும் என்று நினைத்தேன்... திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னொன்று. 'கிளினிக் போயிட்டு வந்தேன். நேத்து...' வரை போனில் தெரிந்தது. மீதி திரைக்குள் அடங்கவில்லை. போய்விட்டு வந்துவிட்டாள், நல்லது. ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

இன்று காலை ஆபீஸில் இரண்டையும் திறந்தேன்.

வெள்ளிக்கிழமைத் தலைப்பு முழுவதும் இதுதான்: 'கிளினிக் போயிட்டு வந்தேன். நேத்து வந்திருக்கணுமாம். இனி அடுத்த வியாழன். அவ்வளவுதான்.'

உள்ளே ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மெயிலுக்குள் ஒரு போட்டோ இருந்தது. மேலே மூன்று வரி.

'மேடம், இது படம். டாக்டர் கையால எழுதுன இங்கிலீஷ். போன் வாசிக்க மாட்டேங்குது, வீட்டுலயும் வாசிக்க ஆளில்ல. என்னைக்கு வரச் சொல்லியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.'

கடிதம் சாய்வாக இருந்தது. ஓரத்தில் யாருடைய விரலோ. வாசிக்க எனக்குப் பத்து விநாடி.

வியாழக்கிழமையே போயிருந்தால்... தெரியாது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று வெள்ளிக்கிழமை அவள் ஒரு சொல் எழுதவில்லை. அதற்குத்தான் என் கட்டைவிரல். அந்தக் குரல் அதையும் அவளுக்கு வாசித்திருக்கும். 'மேல் நோக்கிய கட்டைவிரல்.'

மாரி அண்ணன் டீ வைத்துவிட்டு அவள் மேசைப் பக்கம் பார்த்தபடி நின்றார். "சீனி போட்டிருக்கேம்மா" என்றார். குடித்தேன். இனித்ததா என்று நினைவில்லை.

பிறகு செவ்வாய்க்கிழமை மெயிலுக்குப் பதில் போட்டேன். தலைப்பில்:

'வியாழன் காலை எட்டு மணி. சாப்பிடாமல் வரவும். பழைய மருந்துத் துண்டுச் சீட்டைக் கொண்டுவரவும். அவ்வளவுதான்.'

அனுப்பிவிட்டேன்.

போய் வா, புவனா. திறக்க வேண்டாம். உள்ளே ஒன்றும் இல்லை.