கடைசி மெட்டு

அத்தை மகனின் லூட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பாதிப் பூசணிக்காயைக் கவிழ்த்தது போன்ற அந்த நரம்பு வாத்தியத்தை, சீமைக்குக் கப்பலேறிய மிஷன் பங்களா மதாம்மா அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வீணையில் போல விரல் வைத்து அழுத்த, அதன் கழுத்தில் நரம்பைச் சுற்றிக் கட்டிய மெட்டுகள் நன்றாகவே இருந்தன. வயிற்றுப் பலகையில் ஒட்டியிருந்த நான்கு குட்டி மெட்டுகள் மட்டும் ஆடி மழையின் ஈரத்தில் பெயர்ந்துவிட்டன. "அங்க ஒட்டுததுக்குத் தோதா ஏதாவது கிடைச்சா கொண்டு வாங்க" என்று என்னிடமும் தங்கச்சியிடமும் அத்தான் சொன்னார்.

நான்தான் மூத்தவள், முறைப்பெண். அத்தானுக்கு நான் என்று வீட்டில் பேச்சு இருந்தது. மெட்டு கேட்கும் சாக்கில் என் மனசை ஆழம் பார்க்கிறார் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். அம்மாவின் சீதனத்தில் வந்த எருமைக்கொம்புச் சீப்பின் பற்களை உடைத்து, முதுகுப் பட்டையை அறுத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து மினுக்கிக் கொண்டுபோனேன். தங்கச்சியோ அடுக்களைப் பரணில் புகை குடித்துக் கறுத்துக் கிடந்த மூங்கில் பத்தை ஒன்றை முறித்து வந்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அத்தான் இரண்டையும் நகத்தால் தட்டிப் பார்த்தார். மூங்கிலை மட்டும் காதருகே வைத்து இன்னொரு முறை தட்டினார். "கொம்பு நல்ல மினுக்கம் ஏட்டி. ஆனா பலகைக்குப் பாரம். எண்ணெய வேற தடவி வச்சிருக்க, பசை எப்படிப் பிடிக்கும்? ஆசையா கொண்டு வந்திருக்க, சுரண்டிட்டு கடைசி மெட்டா ஒண்ணு வைக்குதேன்." மற்ற மூன்றும் தங்கச்சியின் மூங்கில். சர்ச்சில் அவர் வாசித்த பாட்டு எதுவும் கடைசி மெட்டு வரைக்கும் ஏறியதில்லை. பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூங்கில் வரைக்கும் வரும், திரும்பிப் போய்விடும்.

அவரும் தங்கச்சியும் மனசு ஒத்துப்போன சங்கதி வீட்டுக்குத் தெரிந்தபோது யாரும் சத்தம் போடவில்லை. மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுக்க முடியாது, அது ஒன்றுதான் சிக்கல். ஆகவே தக்கலையில் திருவிதாங்கூர் சர்க்கார் குமாஸ்தா ஒருவருக்கு என்னை அவசரமாகக் கட்டிவைத்தார்கள். வழியில் நின்ற வண்டியை ஓரம் கட்டுகிற மாதிரி. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் கல்யாணத்திலும் அத்தான்தான் லூட் வாசித்தார்.

அத்தான் இப்போது இல்லை. போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது லூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "மூங்கில ரெண்டு தடவ மாத்தியாச்சு அக்கா. ஒனக்க கொம்பு மட்டும் ஒட்டுன மாதிரியே இருக்கு, பாத்தியா?" என்றாள்.

"தொட்டாத்தானே ஏட்டி தேயும்" என்றேன்.