வேலம்பாளையத்தில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு வெளியூர் போவது என் வழக்கமில்லை. ஆனாலும் அன்று அதிகாலை ஐந்து மணிக்குத் திருநெல்வேலியில் திருப்பூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். என் தங்கை பியூலா போனில், “அண்ணே, ஞாயிறு சாயங்காலம் வீட்ல ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிருக்கோம், வந்துருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டால் நாலு பேரைக் கூட்டி நன்றி சொல்வது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கம். அவளுக்குக் கழுத்தில் கட்டி. ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருப்பார் என்று நானாக முடிவுகட்டி, ஒரு கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டேன்.

மதுரை, ஒட்டன்சத்திரம் தாண்டித் தாராபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வழியெல்லாம் காற்றாலைகள். திருப்பூரில் இறங்கும்போது மணி ஒன்றரை. வேலம்பாளையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். “ஞாயித்துக்கிழமைங்க, கம்பெனி லீவு. இல்லீன்னா இந்த ரோட்டுல இப்படி வர முடியாதுங்க” என்றார் ஓட்டுநர்.

பியூலாவும் அவள் கணவர் சாலமோனும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். குடியிருப்பது வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. வீட்டுக்கார அம்மா ராமாத்தாள் வாசலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏ பியூலா, டாக்டர் என்ன சொன்னாரு?” என்று சிரித்துக்கொண்டே அல்வாவை நீட்டினேன்.

“நாளைக்குக் கோயம்புத்தூர்ல அட்மிட் ஆகணும் அண்ணே. செவ்வாக்கிழமை ஆபரேஷன். கட்டி குரல் நரம்பைச் சுத்தி இருக்காம். பொறவு பேச்சு வருமான்னு சொல்ல முடியாதாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பியூலா சபையில் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். “அப்படின்னா எதுக்கு இப்பமே ஸ்தோத்திரம்? நல்லபடியா முடியட்டும், ஊரையே கூட்டுவோம். மதுரையில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. காலையில கெளம்பு” என்றேன்.

“நானும் அதையேதானுங்க கேட்டேன்” என்றார் ராமாத்தாள். “காரியம் ஆனதுக்கப்பறந்தானுங்க நாங்க பொங்கல் வெப்போம். இந்தப் புள்ள முன்னாடியே வெக்குதுங்க.”

பியூலா கோபப்படவில்லை. “பொறவு குரல் இருக்குமோ என்னமோ அண்ணே. இன்னைக்கு இருக்கு. இருக்கும்போதே நன்றி சொல்லிருதேன். மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கிடட்டும்.”

ஆறு மணிக்கு வாசல் நிறைந்துவிட்டது. அவளோடு வேலை பார்க்கும் ஒடிசாப் பெண்கள் இருவர் மொழி புரியாமலே கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். பியூலா இரண்டு பாட்டு பாடினாள். மூத்தவர் என்று பாஸ்டர் என்னை ஜெபிக்கச் சொன்னார். அதில் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. டாக்டர் எந்தப் பக்கம் அறுக்க வேண்டும், எந்த நரம்பைத் தொடக் கூடாது என்று ஆண்டவருக்கே வேலை சொல்லிக்கொடுத்தேன்.

திங்கள் காலை நானும் பையோடு கிளம்பி நின்றேன். “ரோஸிக்குப் பரீட்சை நடக்கு. நீங்க அவகூட வீட்ல இருங்கண்ணே” என்று மகளைக் காட்டினாள் பியூலா. கோவை ஐம்பது கிலோமீட்டர். ஆஸ்பத்திரியில் எல்லாரையும் விரட்டி வேலை வாங்கக் கிளம்பியவன், மருமகளுக்குத் தோசை சுட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை ரோஸி பள்ளிக்கூடம் போனபின் தெரு முழுக்கத் தையல் மெஷின் சத்தம். ஓயாமல் சாலமோனுக்குப் போன் போட்டேன். “மச்சான், உள்ள கொண்டு போயிட்டாங்க. இனி நம்ம கையில ஒண்ணுமில்ல. நானே கூப்பிடுதேன்” என்று வைத்துவிட்டார். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார். கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் வரவில்லை என்றார்.

சனிக்கிழமை கழுத்துக் கட்டோடு வந்து இறங்கினாள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. குரல் சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “அல்வா மிச்சமிருக்கா?” என்று சைகையில் கேட்டாள். ரோஸி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஊருக்குக் கிளம்பினேன். பயணம் போகிறவருக்காக ஜெபித்துத்தான் எங்களில் அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் யார் கிளம்பினாலும் ஜெபிப்பது நான்தான். அன்றும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். பியூலா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். என் தலையில் கை வைத்துக்கொண்டு அவளே ஆரம்பித்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. காதைப் பக்கத்தில் கொண்டுபோயும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. குரலைத் திருப்பிக் கேட்கிறாளா, என் பயணத்துக்காகக் கேட்கிறாளா, நன்றிதான் சொல்கிறாளா, தெரியவில்லை. இன்னது வேண்டும் என்று தெரியாமல் ஒரு ஜெபத்திலும் நான் சேர்ந்ததில்லை.

உதடுகள் நின்றன. அவள் என்னைப் பார்த்தாள்.

“ஆமென்” என்றேன், அவளுக்கும் சேர்த்து, உரக்க.