பத்தொன்பது மணி நேரம்

அப்பா இறந்ததும், நியூயார்க்கில் இருக்கும் அண்ணன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்றார்கள். "பத்தொன்பது மணி நேரத்துல வந்துடுவான்" என்று போனில் பார்த்துச் சொன்னவள் நான்தான். பறக்கும் நேரத்தோடு விமான நிலையம் போய்வரும் நேரத்தை மட்டும் சேர்த்தேன். நடுவில் விமானம் மாறக் காத்திருப்பதைக் கூட்டவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் ஐஸ் பெட்டியைச் சுற்றி அடைபட்டுக் கிடந்தோம். உடலை எடுக்கும்வரை அடுப்பு எரியாது. சர்க்கரை நோயுள்ள அம்மாவும் எதையும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவள் கை நடுங்கியது. அண்ணன் அப்போதும் தோஹா விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் எவ்ளோ நேரம்டி?"

"ஒன்பது மணி நேரம்மா."

அம்மா பெட்டியையே பார்த்தாள். "போதும். நீதான் இங்க இருக்கியே, நீயே கொள்ளி வை."

அப்பாவுக்கு ஓரடி தள்ளி முந்தின நாளிலிருந்து உட்கார்ந்திருந்த எனக்கு, அதுவரை அது தோன்றவே இல்லை.