முள்ளனும் காட்டுப்பூச்சையும்

மாமா வீட்டில் ஏற்கெனவே டிவி இருந்தது. அந்த மழைக்காலத்தில் காட்டுப்பூனையும் வந்து சேர்ந்தது.

ரப்பர் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கோழிக்கூட்டைப் பிய்த்த பூனையை, என் வயதுக்காரியான மாமா மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். காது நுனியில் கறுப்பு முடி, வாலில் வளையம், நாயின் உயரம் என்று அவள் சொல்லச் சொல்ல, மதிய இடைவேளையில் வகுப்பே அவளைச் சுற்றி உட்கார்ந்தது. என் பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். படிப்பை வைத்தே அவளை மடக்கலாம் என்று எழுந்தேன்.

“எங்க மரச்சீனி விளைக்கு முள்ளம்பன்னி வருதாக்கும். அது பன்னி இல்ல, எலி சாதி. சார் சொன்னது நெனவில்லியா?”

“எலியா? எட்டி, பூச்சைக்கு எலி தீனியாக்கும்!”

வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் அப்பா, மரவள்ளி நட்டிருந்த எங்கள் விளையிலிருந்து ஒரு முள்ளம்பன்றி முள் கொண்டுவந்து தந்தார். கறுப்பும் வெள்ளையுமாக, என் முழங்கை நீளம்.

“இதக் கொண்டு காட்டு மக்கா. பூச்சை வாய வைக்கட்டும், பாப்போம்.”

அவளிடம் கதைதான் இருந்தது. என்னிடம் முள்ளே இருந்தது. தொட்டுப் பார்க்கக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. அதன்பின் கண் விழித்ததும், “முள்ளு உண்டா அப்பா?” என்பதே என் முதல் கேள்வி. பெரும்பாலும் இருந்தது. முள்ளனை விரட்ட அப்பா இரவில் தகரம் தட்டுவார். “தட்டாண்டாம் அப்பா, அது வராதே போயிரும்” என்று கெஞ்சினேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமா மகளும் விடவில்லை. “நேத்து முட்டையிடுத கோழியையே கொண்டு போச்சு” என்றாள் பெருமையாக.

“எங்க விளையில ஒரு வரிசை மரச்சீனியே போச்சு” என்றேன் நான், அதைவிடப் பெருமையாக.

மரச்சீனி பிடுங்கிய அன்று அப்பா தலையில் ஒரே ஒரு கூடையோடு திரும்பினார். என் முட்களோ பவுடர் டப்பாவில் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முள் கிடந்த இடத்திலெல்லாம் ஒரு மூடு மரச்சீனிச் செடி கடிபட்டுச் சாய்ந்ததால்தான் கூடை ஒன்றானது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா கொடுத்தனுப்பிய கிழங்கோடு மாமா வீட்டுக்குப் போனேன். கோழிக்கூடு காலியாக, கதவு திறந்து கிடந்தது. வாசலில் கிடந்த இறகுகளை மாமி கூட்டிக்கொண்டிருந்தாள்.

இனி அவர்கள் வீட்டுக்குப் பூனை வராது, நான் ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு திரும்பினேன்.