சிவப்புப் பெயின்டும் ராமாத்தாள் அக்காவும்

ராமாத்தாள் அக்கா போய்விட்டார் என்று அவருடைய மருமகன் பட்டறைக்கே வந்து சொன்னார். மங்கலத்தில் மகள் வீட்டில், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. "சிரமப்படாமப் போய்ட்டாங்க," என்றார். எனக்குத் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டியதை நான்கு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

திருப்பூரில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பனியன் கம்பெனியில் வெட்டி விழும் துண்டுத் துணியை வாங்கி, தரம் பிரித்து, மூட்டையாகக் கொண்டுவந்து, எண்ணெய் துடைக்க நமக்கு விற்பார். அந்த மூட்டையில் ஒடிந்த ஊசி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. "கையைக் குத்தற துணிய நான் விக்க மாட்டேனுங்க," என்பார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, பெருமாநல்லூர் முதலாளி ஒருவர் வெளிநாட்டுக் கார் வைத்திருந்தார். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்கு ஆசையாகச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார். பிரேக் ஆயில் மாற்ற வண்டி என்னிடம் வந்தது. அந்த ஆயில் பெயின்டைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் காலிப்பரைச் சுற்றி அக்காவின் துணியை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வேலையில் இறங்கினேன். வேலை மறுநாளைக்கும் நீண்டது. காலையில் துணியை அவிழ்த்தால் பெயின்ட் தோலாக உரிந்து அதோடு வந்தது.

"ஆசிட் ஊத்துனீங்களா?" என்றார் முதலாளி.

"துணியில பிளீச்சிங் இருந்திருக்குதுங்க," என்றேன். வாய்க்கு வந்த பதில் அது. பக்கத்துப் பட்டறைகள் இரண்டிலும் அதையே சொன்னேன். அவர்கள் அக்காவிடம் துணி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் திருப்பியனுப்பிய மூட்டையோடு அக்கா என்னிடம் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"பிளீச்சிங் போட்டாலும் நாலு தண்ணி அலசித்தானுங்க தம்பி வெட்டறாங்க. நீங்க பார்த்துட்டா சொன்னீங்க?"

"பாக்கலீங்கக்கா. வேற என்ன இருக்க முடியும்?"

"அப்ப இப்பப் பாத்துரலாமுங்க."

அதே சிவப்பைப் பழைய டப்பா மூடி ஒன்றில் அடித்துக் காயவைத்தேன். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு துண்டு எடுத்தார் அக்கா. ஒன்றைத் தண்ணீரில் நனைத்தார், இன்னொன்றில் என் பிரேக் ஆயிலைச் சொட்டவிட்டார். இரண்டையும் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அக்கா வந்ததும் பார்த்தோம். தண்ணீர்த் துணிக்கு அடியில் சிவப்பு அப்படியே இருந்தது. ஆயில் துணியை எடுத்தபோது தகரம் தெரிந்தது.

கசிந்த ஆயிலைக் குடித்த துணியை இரவு முழுக்கப் பெயின்டோடு சேர்த்துக் கட்டிவைத்தவன் நான்தான். அக்காவிடம் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு, ஆயில் பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், துணி நனைய நனைய மாற்றினேன். முதலாளியின் காலிப்பருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன், அது நின்றது.

அந்த இரண்டு பட்டறைகளுக்குப் போவதுதான் கடினமாக இருந்தது. அக்கா கூடவே வந்தார். முதல் பட்டறை வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். அவரே உள்ளே பார்த்து, "தம்பி ஒரு விசயம் சொல்லோணுமுங்களாமா," என்றார். பிறகு தள்ளிப்போய் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் என்பது சொல்லி முடித்த பிறகே புரிந்தது. வெளியே வந்தபோது உடம்பே லேசாகிவிட்டிருந்தது. "அடுத்த பட்டறைக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க," என்றார்.

தனியாகப் போனேன், சொன்னேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டாவது பட்டறைக்கு நடந்த நடைதான். இன்றும் என் கையால் ஒரு வண்டி கெட்டால், வண்டிக்காரர் கேட்கும் முன்பே நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.