கை தூக்காதவனைத் தொடாதே

1. போட்

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் எனக்கு வேலை தந்த முதல் நாளே ஓர் இஞ்சின் போட்டும், ஒரு விசிலும், ஒரு கட்டளையும் சேர்த்துத் தந்தார்கள். நீந்துகிறவன் கையைத் தூக்கினால் மட்டும் போட்டில் ஏற்று, தூக்காதவனைத் தொடாதே. அதுதான் கட்டளை.

நான் ஆமியில் மெடிக்காக இருந்தவன். காயம் கட்டுவது, ஊசி போடுவது, சப்பாத்து கடித்த காலுக்கு மருந்து வைப்பது என்று பல கேம்ப்களில் காலம் தள்ளியவன். ஊர் கண்டிக்குப் பக்கத்து மடவளை. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தெல்தெனியப் பக்கம் இந்த நீர்த்தேக்கத்துக்கு மாற்றல் கிடைத்ததும், பஸ் ஏறினால் வீடு என்று மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் அப்படித்தான். இப்போது மெடிக் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். நானாக எடுத்துப் பேசும் கதை இல்லை இது.

அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் சாதாரண சிப்பாய்கள் அல்ல. சிறு குழுவாகக் காட்டுக்குள் புகுந்து, காரியத்தை முடித்துத் திரும்பும் விசேட படைப் பிரிவுகள் இரண்டு. மேட்டில் கூடாரம் அடித்தவர்களை மேட்டுக்காரர் என்றும், தண்ணீர் ஓரமாக அடித்தவர்களைக் கரைக்காரர் என்றும் சொல்வோம். இரண்டும் ஒரே ஆமிதான், ஆனால் மாமியாரும் மருமகளும் போல ஒன்றின் குறையை ஒன்று தேடிக்கொண்டே இருக்கும். மேட்டுக்காரர் வந்து கரைக்காரரின் சோற்றுக் கிடாரத்து மூடியைத் தூக்கிப் போவார்கள். கரைக்காரர் பழிக்குப் பழியாக அவர்களுடைய சப்பாத்துகளை எல்லாம் லேஸோடு லேஸ் முடிந்து மரத்தில் தொங்கவிடுவார்கள். அதே ஆட்கள்தான் வடக்கில் சண்டை என்று வந்தபோது ஒருவரை ஒருவர் தோளில் சுமந்து வந்தவர்கள். அதனால் அதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

2. தேத்தண்ணி

கூட்டுப் பயிற்சியின் கடைசிப் பரீட்சை நீச்சல். முதலில் ஹுன்னஸ்கிரிய மலையிலிருந்து பாரத்தோடு நடந்து இறங்க வேண்டும். பிறகு பொதியை ரப்பர் சீட்டில் சுற்றிக் கட்டி, மிதக்கவிட்டு, முன்னால் தள்ளிக்கொண்டே நீர்த்தேக்கத்தின் மறுகரைக்கு நீந்த வேண்டும். காலையில் புறப்பட்டவன் தண்ணீரில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். கால் இரண்டும் மரக்கட்டையாகியிருக்கும்.

இந்த நீச்சலுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பிரிவின் ஆள் முதலில் கை தூக்கி என் போட்டில் ஏறுகிறானோ, அந்தப் பிரிவு தோற்றது. ஏறியவன் அன்று மாலை பெரிய கேத்தலைத் தூக்கிக்கொண்டு, எதிர்ப் பிரிவில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பால் கலக்காத பிளேன்டீ ஊற்ற வேண்டும். குடிக்கிறவன் சீனி போதாது, சூடு போதாது என்று திருப்பி அனுப்பலாம். கடைப்பையன் போல "இதோ சேர்" என்று ஓட வேண்டும். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஊற்றியவன் ஒருவன் அடுத்த மாதம் பிரிவை விட்டே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். என் போட்டுக்குத் தேத்தண்ணி போட் என்றே பெயர்.

தொடாதே என்ற கட்டளையும் இதிலிருந்து பிறந்ததுதான். எனக்கு முன்னால் இருந்த மெடிக், களைப்பாற மல்லாந்து மிதந்த ஒருவனை முங்குகிறான் என்று நினைத்து இழுத்துப் போட்டுவிட்டாராம். அவனுடைய பிரிவு ஏற்காமல், கரையில் கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறது. அதன் பிறகுதான் பயிற்சிக்குப் பொறுப்பான கேப்டன் இந்தச் சட்டத்தைப் போட்டார். நியாயம் பார்த்துப் போட்ட சட்டம் அது.

3. கடைக்காரர் மகன்

கரைக்காரரில் ரிஸ்வான் என்று ஒரு பையன். மடவளைதான் அவனுக்கும். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காதர் நானாவின் மகன். வயதில் மூத்தவர்களை எங்கள் ஊரில் நானா என்போம். அந்தப் பிரிவுக்குள் வந்த ஒரே முஸ்லிம் பிள்ளை. மலையேற்றத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, நீச்சல் மட்டும் நடுத்தரம். அவனுடைய சார்ஜன்ட் நல்ல மனிதர், வாய்தான் சரியில்லை. நீச்சல் நெருங்க நெருங்க, "இந்த முறை நமக்குப் பயமில்லை, தேத்தண்ணி ஊற்றுவது ரிஸ்வானுக்குப் பரம்பரைத் தொழில்" என்று சாப்பாட்டு வரிசையில் வைத்தே சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். ரிஸ்வானும் சிரிப்பான்.

ஒரு நாள் கால் கொப்புளத்துக்கு மருந்து போட வந்தவன் என்னிடம் மட்டும் மனதைத் திறந்தான். வேறு யார் தோற்றாலும் அந்த ஆள் தோற்றான் என்று விட்டுவிடுவார்களாம். இவன் தோற்றால் உங்கள் ஆட்களுக்கு இது சரிவராது என்பார்களாம், இவனுக்குப் பிறகு வருகிறவனுக்கும் கதவு அடைபட்டுப் போகுமாம். அப்படியெல்லாம் இல்லை என்று நான் வாய்க்குச் சொன்னேன். இருபது வயசு தாண்டிய பையன் தலையில் இவ்வளவு பாரமா என்று நினைத்துக்கொண்டே கட்டுப் போட்டேன்.

மேட்டுக்காரரில் அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான், கோப்ரல் ஜயந்த. கிடார மூடியைத் திருடியவன் அவன், சப்பாத்தைத் தொங்கவிட்டவன் இவன். அந்தத் தண்ணீரில் ஜயந்தவைப் போல நீந்த இரண்டு பிரிவிலும் ஆள் இல்லை. ஜயந்தவும் மற்றவர்களும் பேசியது சிங்களம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

4. அன்று

அன்று பள்ளத்தாக்கில் காற்று அதிகம். பாதி தூரத்தில் ரிஸ்வானின் பொதி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். அவனைத் தாங்க வேண்டிய பொதியை அவன் தாங்கிக்கொண்டிருந்தான். போட் ஓட்டுகிறவரைப் பக்கத்தில் விடச் சொல்லி, ஏறுங்க தம்பி என்றேன்.

"எனக்கு ஒண்டுமில்ல நானா. வாப்பாட தொழில நான் இங்க செய்ய ஏலா" என்றான். மூச்சு வாங்கியதே தவிர, பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

ரேடியோ செட்டில் கரையிலிருந்த கேப்டனைக் கூப்பிட்டு, இவனை ஏற்ற வேண்டும் என்றேன். கை தூக்கினானா என்று கேட்டார். இல்லை, ஆனால் ஆள் சரியில்லை என்றேன். தூக்கவில்லை என்றால் விலகி நில்லுங்கள், அவனைக் கெடுக்காதீர்கள் என்று வந்தது பதில். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரில் தலைகள்தான் தெரியும், அவருக்கு அது போதுமாக இருந்தது. மேலதிகாரி சொல்லுக்குப் பயந்து போட் ஓட்டியவரும் விலக்கிவிட்டார். அவரோடு நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் நீந்திய ஜயந்த திரும்பிப் பார்த்தான். என்ன நினைத்தானோ, திரும்பி நீந்தி வந்து, போட்டுக்குப் பக்கத்தில் ஒரு கையை நன்றாக உயர்த்திப் பிடித்தான். களைப்பு என்பதே அவன் முகத்தில் இல்லை. நான் விசில் அடித்தேன், அவன் ஏறினான். ஏறியதும் ரிஸ்வானைப் பார்த்துக் குனிந்து சொன்னான்:

"மச்சான், நாங்க தோத்துட்டோம். இனி நீ ஏறினாலும் ஒண்டுமில்ல. வா."

ரிஸ்வான் எங்கள் பக்கம் பார்த்தான். கண் திறந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. பதில் வரவில்லை. முகத்தில் ஒட்டிய முடியைக்கூட ஒதுக்கவில்லை. கை இரண்டும் தண்ணீருக்குள் பக்கவாட்டில் விரிந்து, கீழே எதையோ அழுத்துவதுபோல அசைந்தன. கூப்பிடுகிறவனின் தோற்றம் அதில் கொஞ்சமும் இல்லை. ஜயந்த இன்னொரு முறை கூப்பிட்டான். இஞ்சினை முறுக்கி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த இடத்தில் பொதி மட்டும் கிடந்தது. சத்தமே கேட்கவில்லை.

ஜயந்த பாய்ந்தான். முங்கி எழுந்து, திரும்ப முங்கினான். ரிஸ்வானை மேலே கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. போட்டின் பலகையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன். கரையிலும் செய்தேன், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனத்திலும் செய்துகொண்டே போனேன். டொக்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

விசாரணை நடந்தது. விபத்து என்று முடித்தார்கள். கை தூக்கவில்லை என்பதை எல்லோரும் உண்மையாகவே சொன்னார்கள்.

5. காதர் நானா வீடு

மையத்து வீட்டுக்கு இரண்டு பிரிவும் வந்திருந்தன. அடக்கம் முடிந்து வந்து, முற்றத்தில் போட்டிருந்த கதிரைகளில் ஆமிக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அயல் வீட்டுப் பிள்ளைகள் பிளேன்டீ கொண்டுவந்தார்கள். ஜயந்த எழுந்து போய், ஒரு பிள்ளையின் கையிலிருந்த கேத்தலை வாங்கினான். நேராகக் கரைக்காரர் இருந்த வரிசைக்குப் போய், முதல் ஆளிலிருந்து ஊற்றத் தொடங்கினான். சார்ஜன்ட் கோப்பையை வாங்கினார், குடிக்காமல் கதிரைக்குக் கீழே வைத்தார்.

கடைசியாகக் காதர் நானாவிடம் வந்தான். ஊருக்கே தேத்தண்ணி ஊற்றிய மனிதர் அவர். பதறி எழுந்து, நீங்க இரிங்க மகன், ஊர்ப் புள்ளைகள் பாத்துக்குவாங்க என்றார். ஜயந்த சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவன் குரல் உடைந்திருந்ததால் நானாவுக்கு விளங்கவில்லை.

"என்ன செல்றாரு இவரு?" என்று என்னைக் கேட்டார்.

"தோத்தவங்கதான் ஊத்தணுமாம் நானா. நாங்க தோத்துட்டோம் எண்டு செல்றாரு."

"யார்ட்ட தோத்தாங்க?"

"ஒங்கட மகன்ட்ட."

காதர் நானா உட்கார்ந்தார். கோப்பையை வாங்கி, கடைசி வரைக்கும் குடித்தார். வெறும் கோப்பையை ஜயந்தவின் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணிக்குள்ள அவன் ஒருத்தரயும் கூப்பிடல்லயா?"

"கூப்பிட ஏலாமப் போச்சு நானா" என்றேன்.

6. பிறகு

அடுத்த பயிற்சிக்குப் போட்டில் ஏறச் சொன்னார்கள். நான் பார்த்து முடிவு செய்வேன், எனக்குச் சரியில்லை என்று பட்டவனை ஏற்றுவேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். கீழ்ப்படியாமை என்று கொஞ்சநாள் பயமுறுத்திப் பார்த்தார்கள். கடைசியில் சட்டத்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு நான் இழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் நன்றாக இருந்தவர்கள். முகத்துக்கு நேரே ஏசினார்கள். ஏச்சு வாங்கினால் ஆள் சாவதில்லை. தேத்தண்ணி ஊற்றும் வழக்கத்தை இரண்டு பிரிவும் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டன.

போட்டில் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மிடுக்கு உள்ளவன் கை தூக்க மாட்டான், அவனோடு பேசிப் பார்க்கலாம். முங்குகிறவனால் கை தூக்கவே முடியாது. அவன் கை தண்ணீருக்குள் இருக்கும். குனிந்து பிடியுங்கள்.